வளையாத ஸ்குறூ

எங்கள் வீட்டு அலுமாரியில், காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைக்கிற தட்டில், ஒரு பிளாஸ்ரிக் போத்தல் பத்து வருடமாக இருந்தது. உள்ளே ஒரு ஸ்குறூ. என் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம், பென்சிலை விடத் தடிப்பு, ஒரு முனையில் மட்டும் ஆழமான புரி, நடுவில் சைக்கிள் சில்லுக் கம்பி நுழையுமளவுக்கு ஒரு துளை. 2013 இல் பெரியம்மாவின் இடுப்பிலிருந்து எடுத்து எங்கள் கையில் தந்தார்கள். நான் அதை எறியாமல் வைத்திருந்ததற்குக் காரணம் கோபம். என்றைக்காவது யாரிடமாவது இதைக் காட்டி, "இப்பிடியான சாமானைத்தானே எங்கட மனுசிக்குப் போட்டனீங்கள்" என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபம் எவ்வளவு பிழையான இடத்தில் நின்றது என்று விளங்க, இன்னொருவர் விழ வேண்டியிருந்தது. விழுந்தது அம்மா.

பெரியம்மாவின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது அவருக்கு 71 வயது. குசினி வாசற்படியில் கால் இடறி இடப்பக்கமாக விழுந்தார். தொடை எலும்பின் கழுத்துக்குச் சற்றுக் கீழே உடைவு. தொடையின் பக்கவாட்டில் ஒரு தகடு, அதிலிருந்து தொடை எலும்பின் உச்சியில் இருக்கிற பந்துக்குள் போகிற ஒரு பெரிய ஸ்குறூ, கீழே நாலு சின்ன ஸ்குறூ. ஒப்பரேசன் நன்றாக முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் வோக்கரைப் பிடித்து எழும்பி நின்றார், நாங்கள் எல்லோரும் அழுதோம். ஆறு கிழமை கழித்து, ஒரு காலையில், கட்டிலில் திரும்பிப் படுத்தபோது அரைப்பக்கத்தில் ஏதோ கொளுவினது போல இருக்கிறது என்றார். எக்ஸ்ரே எடுத்தால் ஸ்குறூ பந்தைக் கிழித்துக்கொண்டு மேற்பக்கமாக வெளியே வந்து நிற்கிறது. திரும்ப ஒப்பரேசன். அதன் பிறகு அவர் முற்றத்துக்கு வந்தது இரண்டோ மூன்றோ தடவைதான். அடுத்த வருடம் போய்விட்டார்.

வெளிநாட்டிலிருந்து எடுத்த ரெலிபோன் எல்லாம் ஒரே கதைதான் பேசியது: மலிவுச் சாமான் போட்டுவிட்டார்கள், எங்களிடம் கேட்டிருந்தால் காசு அனுப்பியிருப்போம். நானும் அதையே நம்பினேன். பெரியப்பா மட்டும் நம்பவில்லை. அவர் ஐம்பது வருடம் மரவேலை செய்தவர். அந்த ஸ்குறூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார், பெருவிரலால் புரியைத் தடவினார், பிறகு என்னிடம் திருப்பித் தந்தார். "மோனை, ஆணியில ஒரு பிழையும் இல்லை. மரம்தான் உழுத்துப் போச்சு." கட்டின மனுசியை மரம் என்று சொல்கிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மார்கழி விடியற்காலை

2023 மார்கழி. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு 76. விடியற்காலைப் பூசைக்குப் போக வேண்டுமென்று நாலரைக்கே எழும்பிக் கிணற்றடிக்குப் போனவர், பாசியில் வழுக்கி விழுந்தார். நான் ஓடிப் போனபோது வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கால் நீளம் குறைந்த மாதிரி. பெரியம்மாவின் காலை அப்படியே பார்த்திருந்ததால் எக்ஸ்ரே இல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தோம், அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

இந்த முறை உடைவு சரியாகக் கழுத்தில், துண்டு விலகியும் இருந்தது. பந்துக்குப் போகிற இரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழியேதான் ஏறுகிறது, கழுத்து உடைந்து விலகினால் பந்து செத்துப் போகலாம், அதனால் இந்த வயதில் பொருத்திப் பார்க்காமல் பந்தையே மாற்றுவதுதான் வழமை என்றார் டொக்டர். இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும், பிந்தப் பிந்த நெஞ்சில் சளி, படுக்கைப் புண், இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும் என்றும் சொன்னார். சரி, அது விளங்கியது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது. "சீமெந்து வைச்சுத்தான் போடுவம்."

கட்டிலில் படுத்திருந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "என்ன பிள்ளை, காங்கேசன்துறைச் சீமெந்தே?" அவருக்கு அது உண்மையான பயம். எனக்கும்தான். கனடாவிலிருந்து தம்பி ஏற்கெனவே எடுத்துவிட்டான். "அக்கா, காசைப் பற்றி யோசிக்காதை. ரைற்றேனியத்தில சீமெந்து இல்லாத புதுச் சாமான் இருக்கு, எலும்பே அதோட வளர்ந்து ஒட்டுமாம். இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு அதுதான் போட்டவை, மூண்டு மாசத்தில கோல்ஃப் விளையாடுறார். அதைக் கேள்." 2022 இல் ரூபா விழுந்ததோடு வெளியிலிருந்து வருகிற எந்த மருத்துவச் சாமானும் எங்களுக்கு எட்டாத விலைக்குப் போயிருந்தது, ஆனால் தம்பியின் டொலருக்கு அது பெரிதில்லை. பெரியம்மாவுக்கு மலிவுச் சாமான் போட்டது போதும், அம்மாவுக்கு அது நடக்க விடக்கூடாது என்று தீர்மானித்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்தேன், பெரியம்மாவின் எக்ஸ்ரேக்கள் இருந்த மண்ணிறக் கடித உறையையும் எடுத்தேன். பத்து வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்த ஒப்பரேசனைச் செய்தவரும் இல்லை, அது நடந்த ஆஸ்பத்திரியும் இதுவில்லை. என்றாலும் கோபத்துக்கு முகவரி முக்கியமில்லை.

ஜன்னலடியில்

அடுத்த நாள் காலை, வாட்டுச் சுற்று முடிந்ததும் டொக்டரை வழியில் மறித்தேன். போத்தலைத் திறந்து ஸ்குறூவைக் கையில் கொடுத்தேன், என்ன நடந்தது என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைச் சுற்றிப் பார்த்தார். பெருவிரலால் புரியைத் தடவினார். எனக்கு உடம்பு ஒருமுறை குலுங்கியது. பெரியப்பா செய்த அதே செய்கை.

"அக்கா, இது வளையேல்லை, முறியேல்லை, புரி ஒண்டு கூடத் தேயேல்லை. உலோகத்தில பிழை எண்டால் எங்கயாவது ஒரு அடையாளம் இருக்கும். எலும்பு விட்டிட்டுது. பழைய படம் கிடக்கே?"

உறையை நீட்டினேன். அவர் ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சத்துக்கு எதிராகப் படத்தைப் பிடித்தார். தொடை எலும்பின் பந்துக்குள் வில் வளைந்த மாதிரி மெல்லிய கோடுகள் ஓடும், பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் எலும்பு தன்னைத் தானே அடுக்கிக்கொள்கிற கோடுகள் அவை. எலும்பு நலிய நலிய அந்தக் கோடுகள் ஒரு ஒழுங்கில் அழிந்துகொண்டு போகும், எந்தக் கோடு முதலில் போகும், எது கடைசிவரை நிற்கும் என்று பார்த்து 1970 இல் மன்மோகன் சிங் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆறு படிகளாகப் பிரித்து வைத்தார்கள் என்றார் (பிரதமராக இருந்தவர் இல்லை, வேறு ஆள்). ஆறாம் படி நல்ல எலும்பு. பெரியம்மாவின் படத்தில், உடையாத மற்றப் பக்கத்து இடுப்பைக் காட்டினார். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். வில் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும். ஒன்றிரண்டு கீறல், அதுவும் விட்டு விட்டு. "இதுக்குள்ளதான் அந்த ஸ்குறூ பிடிக்க வேண்டியிருந்தது," என்றார். "ஈரப் பஞ்சுக்குள்ள புரி ஏத்தின மாதிரி."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அப்போ யாருடைய பிழை? அவர் உடனே பதில் சொல்லவில்லை. முதல் ஒப்பரேசனுக்குப் பிறகு எடுத்த படங்களைத் தேடி எடுத்தார், நேராக எடுத்தது ஒன்று, பக்கவாட்டில் எடுத்தது ஒன்று. ஸ்குறூவின் நுனியிலிருந்து பந்தின் உச்சி வரைக்கும் எவ்வளவு தூரம் என்று இரண்டு படத்திலும் அளந்து கூட்டினால் 25 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும், அதைத் தாண்டினால் கிழித்துக்கொண்டு வருகிற ஆபத்து ஏறும் என்று 1995 இலிருந்தே ஒரு கணக்கு இருக்கிறது என்றார். விரலால் காட்டினார். நுனி நடுவில் இல்லை, மேற்பக்கமாகத் தள்ளி நின்றது, ஆழமும் போதாது. "எலும்பு நல்லதா இருந்திருந்தால் அந்த இடத்தில நிண்டும் பிடிச்சிருக்கும். எலும்பு மோசமா இருக்கேக்க இடம் தப்பினால் மன்னிக்காது." அதற்கு மேல் யாரையும் அவர் குற்றம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பத்து வருடமாக நான் விலையைப் பற்றித்தான் கோபப்பட்டிருக்கிறேன். விலைக்கும் நடந்ததுக்கும் சம்பந்தமே இல்லை. தங்கத்தில் செய்து போட்டிருந்தாலும் அந்த எலும்பு விட்டிருக்கும்.

பிறகு அம்மாவின் படத்தைப் பிடித்தார். அதோடு பக்கத்து ஆண்கள் வாட்டில் இருந்த இன்னொரு படத்தையும், பெயரை விரலால் மறைத்துக்கொண்டு. மோட்டச்சைக்கிளில் அடிபட்ட ஒரு பொடியன், வயது இருபத்தெட்டு, அவனுக்கும் அதே இடத்தில்தான் உடைவு. அவனுடைய தொடை எலும்பின் உட்குழாய் மேலே அகன்று கீழே வரவர ஒடுங்கிப் புனல் மாதிரி இருந்தது, இரண்டு பக்கச் சுவரும் தடித்து வெள்ளையாக. அம்மாவினது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். பீலிக் குழாய் மாதிரி. சுவர் பென்சிலால் கீறின கோடு. இந்த வடிவத்தை ஏ, பீ, சீ என்று மூன்றாகப் பிரிப்பார்களாம், பொடியன் ஏ, அம்மா சீ.

"உங்கட தம்பி சொல்லுற சாமான் நல்ல சாமான்தான். அது நிக்கிறதுக்கு ரெண்டு விசயம் வேணும். முதல் நாளே இறுக்கமா அடிச்சு இறக்கோணும், அப்பதான் அசையாது. பிறகு அதின்ர சொரசொரப்புக்குள்ள எலும்பு வளர்ந்து போய்ப் பிடிக்கோணும். இந்தச் சுவருக்குள்ள இறுக்கமா அடிச்சால் பிளந்திடும். இறுக்காமல் விட்டால் கீழ இறங்கும். என்னத்தைச் செய்யச் சொல்லுறீங்கள்?"

நான் ஜன்னலடியில் நின்றுகொண்டே இருந்தேன். மனதில் வந்தது டொக்டருடைய குழாயும் புனலும் இல்லை, பெரியப்பாவின் பட்டறை. யாராவது கதவுக்குப் பிணைச்சல் வாங்கிக்கொண்டு வந்தால் அவர் பிணைச்சலைப் பார்க்க மாட்டார், முதலில் நிலையைத் தட்டிப் பார்ப்பார். முதிரை என்றால் துளை போட்டுத்தான் ஸ்குறூ, நெருக்கமான புரி போதும். மாப்பலகை என்றால் நீளமானது, அகலப் புரி. பழைய பனஞ்சிலாகை என்றால் இன்னொரு கணக்கு, பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளுக்குள் வெறும் சோத்தி, வெளிப்பக்கத்தில் பிடிக்காத ஆணி உள்ளே போய் ஒரு பிடியும் பிடிக்காது. எலும்பும் அப்படியேதான் என்று பிறகு வாசித்தேன். வெளியே ஓடு, உள்ளே பஞ்செலும்பு. எலும்பு ஸ்குறூக்களிலும் இரண்டு சாதி இருக்கிறது, ஓட்டுக்குப் போடுவது நெருக்கமான, ஆழம் குறைந்த புரி, பஞ்செலும்புக்குப் போடுவது அகன்ற, ஆழமான புரி. பெரியப்பா இதை ஒரு புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருந்தார். அதைத்தான் என்னிடம் சொன்னார். நான் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

உறுதியானது நல்லது என்ற நினைப்பு

எங்கள் ஆட்களிடம் ஒரு நினைப்பு ஆழமாக இருக்கிறது: உடம்புக்குள் வைக்கிற உலோகம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லது. எந்த நாட்டுச் சாமான் என்று கேட்கிறோம், எத்தனை வருடத்துக்கு நிற்கும் என்று கேட்கிறோம், மோட்டருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கேட்கிற மாதிரி. உலோகம் பெரும்பாலும் எலும்பை விட மிக விறைப்பானது என்பதுதான் சிக்கலே. எலும்பின் வெளி ஓட்டின் விறைப்பு ஏறத்தாழ 20 ஜிகாபஸ்கல், ரைற்றேனியக் கலவை 110 அளவில், துருப்பிடிக்காத உருக்கு 200 அளவில். எலும்பு உயிருள்ளது, பாரம் வந்தால் தடிக்கும், பாரம் வராவிட்டால் மெலியும். விறைப்பான உலோகத்தை உள்ளே வைத்தால் பாரத்தை அது தூக்கிக்கொண்டு போய்விடும், பக்கத்தில் நிற்கிற எலும்பு வேலை இல்லாமல் இன்னும் கரையும். நலிந்த எலும்பில் இது இன்னும் மோசம். உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையில் நடப்பது ஒரு குடித்தனம் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் பலமாக இருந்து பிரயோசனமில்லை.

அப்புறம் சீமெந்து. பெயரைக் கேட்டு நாங்கள் பயந்ததற்குக் குற்றம் சொல்ல முடியாது, எங்களுக்குச் சீமெந்து என்றால் மதில்தான். உண்மையில் அது ஒரு வகை அக்ரிலிக். பல் வைத்தியத்தில் பாவித்துக்கொண்டிருந்ததை 1950களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இடுப்புக்குக் கொண்டு வந்தார். ஒரு பொடி, ஒரு திரவம், இரண்டையும் கலந்தால் முதலில் கூழ்ப்பதம், பிறகு குழைத்த மாப்பதம், கால் மணித்தியாலத்துக்குள் கல். கலக்கும்போது சூடு வரும், ஒரு கார மணம் அடிக்கும். அது பசை இல்லை. ஒட்டுவதில்லை. எலும்பின் உட்பக்கத்துப் பொந்துகளுக்குள் எல்லாம் நுழைந்து இறுகி, உலோகத் தண்டைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நிரப்பி வைக்கிறது. அதனால் பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் முழுச் சுவரிலும் பரவுகிறது. மெல்லிய சுவருக்கு வேண்டியது அதுதான். சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சீமெந்தை உள்ளே அழுத்துகிற நேரத்தில் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், இருதயம், நுரையீரல் பலவீனமான முதியவர்களுக்கு அது உயிராபத்தாகவும் போகலாம். மயக்க மருந்து டொக்டர் அந்தச் சில நிமிடங்களை விசேடமாகக் கவனிப்பார் என்று முதலிலேயே சொல்லி, அம்மாவின் இருதயத்தையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார்கள். இளம் ஆட்களுக்குச் சீமெந்து இல்லாததை விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது, எலும்பு பிடித்துக்கொள்ளும், இருபது வருடம் கழித்து மாற்ற வேண்டி வந்தால் சீமெந்தைச் சுரண்டி எடுக்கிற வில்லங்கமும் இல்லை. அந்த இருபத்தெட்டு வயதுப் பொடியனுக்கு இரண்டுமே போடவில்லை. மூன்று ஸ்குறூ போட்டு அவனுடைய சொந்தப் பந்தையே காப்பாற்றப் பார்த்தார்கள். ஒரே உடைவு, இரண்டு வாட்டுக்கு நடுவில் ஒரு சுவர், இரண்டு பேருக்கும் வேறு வேறு மருந்து.

அன்றிரவு தம்பியோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். அவன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தானே தேடி, பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரில் செய்து 2022 இல் வெளியான ஒரு ஆய்வை எடுத்துக்கொண்டு திரும்ப எடுத்தான். எல்லோரும் அம்மா மாதிரிக் கழுத்தில் உடைந்தவர்கள். பாதிப் பேருக்குச் சீமெந்து வைத்தது, பாதிப் பேருக்குப் புது வகைச் சீமெந்து இல்லாதது. நாலு மாதம் கழித்து நடமாட்டம், வலி எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் சீமெந்து வைத்தவர்கள் மேல். போட்ட சாமானைச் சுற்றி எலும்பு திரும்ப உடைந்தது சீமெந்து வைத்தவர்களில் 0.5 வீதம், வைக்காதவர்களில் 2.1 வீதம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, டொக்டர் சொன்னபடி செய்யச் சொல்லு" என்றான். அந்தக் கோல்ஃப் விளையாடுகிறவருக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதை அப்போதுதான் சொன்னான். சாமானின் விலை அவன் கேட்டதில் பாதிக்கும் குறைவாக வந்தது.

ஒப்பரேசன் முடிந்த அடுத்த நாளே அம்மாவை எழுப்பி நிற்க வைத்தார்கள். பிறகு எடுத்த படத்தில் உலோகத் தண்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு உறை தெரிந்தது, குழாய் முழுவதும் நிரம்பி, சுவரோடு சுவராக. "இதுதானே சீமெந்து," என்று அம்மா விரலை வைத்துக் காட்டினார். பயம் போயிருந்தது.

ஒருவரும் கேட்காத கேள்வி

என்னை இதை எழுத வைத்தது அந்த ஸ்குறூ மட்டும் இல்லை. வாட்டில் இருந்த ஒன்பது நாளில் நான் கேட்ட கதைகள். இடுப்பு உடைந்த ஏழெட்டு அம்மாமார், ஒவ்வொருவரைச் சுற்றியும் பிள்ளைகள், எல்லோர் வாயிலும் சாமானின் பெயரும் விலையும் நாடும். அம்மாவின் எலும்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டதை நான் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, டொக்டர் படத்தைப் பிடித்துக் காட்டியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் பெரியம்மாவின் எலும்பு, அவர் இடுப்பு உடைவதற்குப் பதின்மூன்று வருடத்துக்கு முதலே எங்களுக்குச் சொல்லியிருந்தது.

அவருக்கு 58 வயதில் மணிக்கட்டு உடைந்தது. சைக்கிளில் இருந்து விழவில்லை, மரத்திலிருந்து விழவில்லை, முற்றத்தில் தடக்கிக் கையை ஊன்றினார், அவ்வளவுதான். முறிவு வைத்தியரிடம் போய்ப் புக்கை கட்டி, கையும் பொருந்திவிட்டது. பொருந்தியதும் மறந்துவிட்டோம். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைகிறதென்றால், அதுவும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, எலும்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம் என்று எங்களுக்குத் தெரியாது. அதோடு அவர் முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமா) வருடக்கணக்காகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தவர். அந்தக் குளிசை எலும்பைக் கரைக்கும். மூச்சு விட வேண்டும், அதனால் விழுங்கத்தான் வேண்டும், ஆனால் எலும்புக்கும் சேர்த்து ஏதாவது செய்திருக்கலாம். அந்த மணிக்கட்டிலேயே யாராவது நின்று பார்த்திருந்தால், பெரியம்மாவின் ஸ்குறூ பிடிப்பதற்குக் கொஞ்சமாவது எலும்பு மிஞ்சியிருக்கும்.

எலும்பு அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கானில் வருகிற எண்ணை ரி-ஸ்கோர் என்பார்கள். இளம் வயதுப் பெண்ணின் சராசரி எலும்போடு ஒப்பிட்டு நீங்கள் எவ்வளவு கீழே நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். மறை 1 (-1) வரை சாதாரணம், மறை 2.5 உம் அதற்குக் கீழும் எலும்புத் தேய்வு, இடையில் உள்ளது மெலிவு. உலக சுகாதார நிறுவனம் 1994 இல் போட்ட எல்லை அது. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள், எண் என்றால் எனக்கு நம்பிக்கை, கொழும்புக்கு ஒரு அலுவலாகப் போனபோது நானும் எடுத்தேன். ஐந்து பத்து நிமிடம், ஒரு மேசையில் படுத்துக் கிடந்தால் போதும், ஊசியும் இல்லை, நோவும் இல்லை. இடுப்பில் மறை 2.1. எனக்கு 54 வயது.

டொக்டரிடம் கொண்டு போய்க் காட்டினேன். எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்றார். எலும்பின் பலம் அடர்த்தியில் மட்டும் இல்லை, உள்ளே அடுக்கு எப்படி இருக்கிறது, சுவர் எவ்வளவு தடிப்பு, குடும்பத்தில் யாருக்கு உடைந்தது, விழுகிற ஆபத்து எவ்வளவு, எல்லாம் சேர்த்துத்தான் தீர்மானிக்கலாம். முதுகெலும்பில் வாதம் வந்து முள் வளர்ந்திருந்தால் அங்கே எண் நல்லதாகக் காட்டிப் பேய்க்காட்டும் என்றும் சொன்னார். எனக்கு இப்போதைக்குக் குளிசை வேண்டாம், இரண்டு வருடத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்போம், அதுவரைக்கும் நட, வெயிலில் நில், கல்சியம் குறையாமல் சாப்பிடு. குரக்கனை நான் சின்ன வயதிலிருந்தே வெறுத்தவள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கிழமையில் நாலு நாள் குரக்கன் புட்டு. நெத்தலியை முள்ளோடு சப்பிச் சாப்பிடுகிறேன்.

கிணற்றடியைக் கொத்தி, சொரசொரப்பாகச் சீமெந்து போட்டு, பிடிக்க ஒரு குழாயும் வைத்தாகிவிட்டது. ஸ்குறூவை டொக்டர் கேட்டு வாங்கினார், மாணவருக்குக் காட்ட வேண்டுமாம். கொடுக்கும்போது மனம் கொஞ்சம் தயங்கியது, பிறகு கொடுத்துவிட்டேன். எக்ஸ்ரேயை மட்டும் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு எலும்பு கரைவதைக் குறைக்கிற அலென்ட்ரோனேற் குளிசை, 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்று. ஞாயிறு காலை, வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறையப் பச்சைத் தண்ணீரோடு. விழுங்கின பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, படுத்தால் தொண்டைக் குழாயைப் புண்ணாக்கிவிடும்; ஒன்றும் சாப்பிடவும் கூடாது, சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விறாந்தையில் இரண்டு கதிரை. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில். எனக்குக் குளிசை இல்லை, ஆனால் தனியாக இருக்க விட மனமில்லை. வேலியோரம் அணில் ஓடுகிறது, பால்காரரின் மணி கேட்கிறது, அம்மா பெரியம்மாவின் சின்ன வயதுக் கதை ஒன்றைத் தொடங்குவார். சுவரில் மணிக்கூட்டைப் பார்க்கிறது நான்தான். அரை மணித்தியாலம் ஆனதும் நான் சொல்ல முதல் அம்மா சொல்லிவிடுவார், "பிள்ளை, இப்ப தேத்தண்ணி ஊத்தலாமே?"